உள்சுவர் சொல்கிறது, தசை கேட்கிறது

எளாவூர்ப் பக்கம் பழவேற்காடு ஏரியில் பாடு முடிந்து கரையேறும் கூடையைக் கவிழ்த்தால் இறாலும் நண்டும் மடவையும் கலந்தே விழும். கரையில் காத்திருக்கும் பெண்கள் அவற்றை விலை பார்த்துப் பிரிப்பார்கள். உடற்கூறு படித்த ஒருவர் பிரித்தால் கோடு வேறு இடத்தில் விழும். இறாலையும் நண்டையும் ஒரு புறம் தள்ளிவிட்டு மடவையை நம்மோடு சேர்த்து வைப்பார். அவர் பார்ப்பது ரத்தக் குழாயின் உட்புறத்தை.

இறாலுக்கும் நண்டுக்கும் இதயம் உண்டு, அதிலிருந்து கிளம்பும் குழாய்களும் உண்டு. ஆனால் அந்தக் குழாய்கள் கொஞ்ச தூரம் போனதும் முடிந்துவிடும். செம்பு கலந்த, லேசாக நீலம் பாய்ந்த அவற்றின் ரத்தம் உறுப்புகளுக்கு இடையிலுள்ள குழிவுகளில் நேரே கொட்டி, அவற்றை நனைத்துவிட்டு மெல்லத் திரும்பும். குழாய் இருக்கும் தூரத்திலும் அதன் உட்புறம் செல்களால் மூடப்பட்டிருக்காது. மடவையில் அப்படியில்லை. இதயத்திலிருந்து செவுளுக்கும் செவுளிலிருந்து வால் நுனிக்கும் போய்த் திரும்பும் வழி முழுவதும் ரத்தம் மூடிய குழாய்க்குள்ளேயே ஓடுகிறது. அந்தக் குழாயின் உள்பக்கம் முழுக்க, ஒரு இடம் விடாமல், ஒற்றை அடுக்குச் செல்கள் பரவியிருக்கின்றன. எண்டோதீலியம் என்று அதற்குப் பெயர். முதுகெலும்புள்ள உயிர்களின் தனிச்சொத்து அது. மடவைக்கு உண்டு, ஏரிக்கு வரும் பூநாரைக்கு உண்டு, வலை இழுத்தவருக்கும் உண்டு.

ஒரு செல் கனம்தான். பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்கே வரும். தலைமுடி ஒன்றின் குறுக்களவில் பல பத்து அடுக்கு அடுக்கலாம். இவ்வளவு மெல்லியது என்பதாலேயே நெடுங்காலம் அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. ரத்தம் வெளியே கசியாமல் தடுக்கும் வெறும் விரிப்பு என்றே மருத்துவ மாணவர்கள் படித்து வந்தார்கள். இந்த மெல்லிய படலம் தன்னை அடுத்திருக்கும் தசைக்குக் கணந்தோறும் கட்டளை கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியவந்து அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை.

முதலில் தசையைப் பார்ப்போம். தமனியின் சுவரில் எண்டோதீலியத்தை ஒட்டி வெளிப்புறமாக மென்தசைச் செல்கள் இருக்கின்றன. எண்டோதீலியச் செல்கள் ரத்தம் ஓடும் திசையிலேயே நீளவாக்கில் படுத்திருக்க, தசைச் செல்கள் குழாயைச் சுற்றி வளையமாகப் படுத்திருக்கும். அவை சுருங்கினால் குழாய் ஒடுங்கும், தளர்ந்தால் விரியும். கையை மடக்குவதுபோல நாம் நினைத்து அசைக்கக்கூடிய தசை இல்லை இது. தூங்கும்போதும் வேலை செய்கிறது.

இந்தத் தசை ஒரு சிறு அளவு சுருங்கினாலும் விளைவு பெரிது. குழாயில் ஓடும் ரத்தத்தின் அளவு அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 19ஆம் நூற்றாண்டில் அளந்து சொன்னார். மற்றவை எல்லாம் மாறாமல் இருக்க, ஆரம் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் ஓட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைவதில்லை. 0.8ஐ நான்கு முறை பெருக்கினால் 0.41. ஓட்டம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர் ரத்தத்தை வெளியேற்றுகிறது. அதே மனிதர் ஈர வலையைப் படகுக்குள் இழுக்கும்போது தோளுக்கும் முதுகுக்கும் தொடைக்கும் பல மடங்கு ரத்தம் வேண்டும், அதே நேரம் குடலுக்குக் குறைய வேண்டும். எந்தக் குழாய் விரிவது, எது ஒடுங்குவது என்பதை நொடிகளில் தீர்த்தாக வேண்டும். நரம்புகள் தசை அடுக்கின் வெளிப்பக்கமாக வந்து ஒரு பங்கு உத்தரவு தருகின்றன. உள்பக்கத்திலிருந்து இன்னொரு பங்கு வருகிறது. அதைக் கண்டுபிடித்த கதை அறிவியலில் நான் மிகவும் மதிக்கும் கதைகளில் ஒன்று.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற மருந்தியலாளர் இருந்தார். முயலின் பெருந்தமனியைத் திருகுவாக்கில் வெட்டி ஒரு பட்டையாக்கி, அதைக் கண்ணாடிக் கலத்தில் உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, மருந்து சேர்த்தால் அது எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பது அவருடைய வேலை. 1950களிலிருந்து அதைச் செய்து வந்தார். அதில் தீராத ஒரு புதிர் இருந்தது. அசிட்டைல்கோலின் என்ற பொருளை உயிருள்ள விலங்கின் ரத்தத்தில் செலுத்தினால் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்குகிறது. கண்ணாடிக் கலத்திலோ அதே பொருள் பட்டையைச் சுருக்குகிறது.

1978ஆம் ஆண்டு மே மாதம் அவருடைய ஆய்வக உதவியாளர் டேவிட் டேவிட்சன், ஒரு பரிசோதனையில் குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டு, முதலில் சேர்த்த மருந்தைக் கழுவி நீக்காமலேயே அசிட்டைல்கோலினைப் போன்ற மற்றொரு மருந்தைச் சேர்த்துவிட்டார். சுருங்க வேண்டிய தமனி தளர்ந்தது. வேறொருவராக இருந்தால் அந்த நாளின் பதிவைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுநாள் சரியாகச் செய்திருப்பார். ஃபர்ச்காட் நின்று யோசித்தார். இந்த முறை அவர்கள் பயன்படுத்தியது பட்டை இல்லை, தமனியிலிருந்து வெட்டிய வளையம். வளையத்துக்கும் பட்டைக்கும் என்ன வேறுபாடு? பட்டை தயாரிக்கும்போது தமனியின் உட்புறம் விரலிலும் வடிதாளிலும் உரசுகிறது. உரசும்போது உள்படலம் உதிர்ந்துவிடுகிறது. வளையத்தில் அது உதிர்வதில்லை. அவ்வளவுதான் வேறுபாடு. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பட்டை தளராமல் இருந்ததற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் அதன் உள்படலம் தெரியாமலே துடைக்கப்பட்டிருந்தது.

அடுத்து அவர் செய்த சோதனையின் எளிமை இன்றும் வியப்பைத் தரும். உள்படலம் துடைக்கப்பட்ட பட்டை ஒன்று, அது தளரவில்லை. படலம் கெடாத பட்டை இன்னொன்று. இரண்டையும் உட்பக்கம் உட்பக்கத்தைப் பார்க்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிவைத்து, அசிட்டைல்கோலின் சேர்த்தார். படலமற்ற பட்டை தளர்ந்தது. அதாவது பக்கத்துப் பட்டையின் படலத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் வெளியேறி, இடைவெளியைக் கடந்து, இந்தப் பட்டையின் தசையைச் சேர்ந்திருக்கிறது. மருந்து தசையிடம் நேரே பேசியபோது சுருக்கம். படலத்தின் வழியாகப் பேசியபோது தளர்ச்சி. 1980இல் ஜான் சவாட்ஸ்கியுடன் சேர்ந்து இதை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டபோது ஃபர்ச்காட்டுக்கு 64 வயது.

அந்தப் பொருள் எது என்று தெரிய மேலும் ஆறேழு ஆண்டுகள் ஆயின. பிடித்துப் பார்க்க முடியாத பொருள் அது. வெளிவந்த சில நொடிகளில் மறைந்துவிடும். ஹீமோகுளோபின் அதை உடனே உறிஞ்சிவிடும். 1986இல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் ஃபர்ச்காட்டும் லூயிஸ் இக்னாரோவும் தனித்தனியாக ஒரே முடிவைச் சொன்னார்கள்: அது நைட்ரிக் ஆக்சைடு. மறு ஆண்டு இங்கிலாந்தில் சால்வடோர் மொன்காடாவின் குழு, எண்டோதீலியச் செல்கள் அந்த வாயுவை உண்மையிலேயே வெளியிடுவதை அளந்து காட்டியது. பலருக்கு நம்ப முடியவில்லை. ஒரு நைட்ரஜன் அணுவும் ஒரு ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த, வண்டிப் புகையில் இருக்கும் நச்சு வாயுவை உடல் தானே தயாரித்து, ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு அனுப்பும் என்று அதுவரை யாரும் நினைத்ததில்லை. 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மொன்காடாவுக்குக் கிடைக்கவில்லை. அது நியாயமில்லை என்று அப்போதே பலர் சொன்னார்கள். என் எண்ணமும் அதுவே.

வேலை நடக்கும் விதம் இது. ரத்தம் ஓடும்போது குழாயின் உட்சுவரை உராய்ந்தபடி இழுக்கிறது. எண்டோதீலியச் செல் அந்த இழுப்பை உணர்கிறது. செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது, நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதி விழித்துக்கொள்கிறது. புரத உணவிலிருந்து கிடைக்கும் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தை அது உடைத்து வாயுவை வெளிவிடுகிறது. வாயுவுக்குக் கதவு வேண்டாம். செல்லின் சவ்வை ஊடுருவி, அடுத்திருக்கும் தசைச் செல்லுக்குள் நுழைந்துவிடும். அங்கே குவனைலேட் சைக்லேஸ் என்ற நொதியைத் தொட்டு முடுக்க, சுழற்சி ஜி.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு பெருகி, தசைச் செல்லிலிருந்த கால்சியம் இறங்கி, தசை தளர்கிறது. ஓட்டம் கூடினால் உராய்வு கூடும். உராய்வு கூடினால் குழாய் விரியும். விரிந்தால் உராய்வு தணியும். மூளையைக் கேட்காமல் அந்த இடத்திலேயே முடிந்துவிடும் வேலை.

இதைப் படிக்கும் பலருடைய வீட்டில் இந்த வேதியியல் ஒரு மாத்திரை வடிவில் இருக்கும். நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி மருத்துவர் தரும் சிறிய மாத்திரை. அதிலிருப்பது ஒரு நைட்ரேட். உடலுக்குள் அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு பிறக்கிறது. உள்படலம் கெட்டுப்போய்த் தானாகத் தயாரிக்க முடியாத இடத்திலும், படலத்தைத் தாண்டி நேரே தசைக்கு அந்தச் சேதி போய்ச் சேர்கிறது. 1867இல் லாடர் பிரன்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் நெஞ்சு வலிக்கு அமைல் நைட்ரைட்டை முகரக் கொடுத்தார். 1879இல் வில்லியம் மரெல் நைட்ரோகிளிசரினைக் கொடுத்தார். டைனமைட் செய்த ஆல்ஃபிரட் நோபலுக்கே, அவர் இறந்த 1896ஆம் ஆண்டில், இதய நோய்க்கு அதே நைட்ரோகிளிசரினை மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். கல்கத்தாவில் பிரபுல்ல சந்திர ராய் பாதரச நைட்ரைட்டை உருவாக்கி உலகின் கவனத்தைத் தம் பக்கம் திருப்பியதும் அதே 1896இல்தான். இவ்வளவு பேர் இவ்வளவு காலம் நைட்ரைட்டுகளையும் நைட்ரேட்டுகளையும் கையாண்டும், மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது தெரியவில்லை. அந்த மருந்துகள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன என்று 1977இல் முராட் காட்டினார். உடலும் அதையே செய்கிறது என்பது அதன் பிறகே வெளிப்பட்டது.

ஏரிக்குள்ளிருக்கும் தீவு ஊர்களில் வாழ்பவர்களுக்கு இந்த நைட்ரேட் மாத்திரை பெரிய துணை. படகு பிடித்து, கரைக்கு வந்து, வண்டி ஏறி, இதய மருத்துவம் பார்க்கும் இடத்தைச் சேர நேரமாகும். ஆனால் மருத்துவர் முன்பே எழுதிக் கொடுத்தவர் மட்டுமே அதை வைத்துக்கொள்ள வேண்டும், அக்கம்பக்கத்தில் கடன் வாங்கிப் போடக் கூடாது. ஆண்மைக் குறைவுக்குத் தரப்படும் சில்டெனாஃபில் வகை மாத்திரைகள், தசைச் செல்லில் சுழற்சி ஜி.எம்.பி. சிதைவதைத் தடுப்பவை. அவற்றைப் போட்டவர் நைட்ரேட் மாத்திரையையும் போட்டால் குழாய்கள் அளவுக்கு மீறித் தளர்ந்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வெட்கப்பட்டு மருத்துவரிடம் மறைக்கக் கூடாத விஷயம் இது.

உள்படலம் தளர்ச்சியை மட்டும் அனுப்புவதில்லை. 1976இல் மொன்காடாவும் ஜான் வேனும் இருந்த குழு, ரத்தக் குழாய்ச் சுவரில் உருவாகும் புரோஸ்டாசைக்ளின் என்ற மற்றொரு பொருளைக் கண்டது. அது தசையைத் தளர்த்தும், ரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்ளாமலும் தடுக்கும். 1988இல் ஜப்பானில் மசாஷி யானகிசாவா இதற்கு நேர் எதிரான ஒன்றைப் பன்றித் தமனியின் உள்படலச் செல்களிலிருந்து பிரித்தெடுத்தார். 21 அமினோ அமிலங்களால் ஆன எண்டோதீலின். அதுவரை தெரிந்தவற்றில் தமனியை மிகக் கடுமையாக, மிக நீண்ட நேரம் சுருக்கும் பொருள் அதுதான். அதைத் தடுக்கும் மருந்துகள் இன்று நுரையீரல் தமனியின் அழுத்த நோய்க்குத் தரப்படுகின்றன. மிகச் சிறிய தமனிகளில் இன்னொரு வழியும் உண்டு. அங்கே எண்டோதீலியச் செல்லும் தசைச் செல்லும் இடைச்சவ்வைத் துளைத்து ஒன்றையொன்று தொட்டு, நுண்துளைகள் வழியாக மின் மாற்றத்தை நேரே கடத்திக்கொள்கின்றன.

இங்கே மடவையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் எண்டோதீலியத்தில் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் அந்தக் குறிப்பிட்ட நொதியின் மரபணு, மடவை, கொடுவா போன்றவை சேர்ந்த பெரும் மீன் குலத்தில் ஆராய்ந்த இனங்களில் காணப்படவில்லை. இந்த மீன்களின் உள்படலம் தசையைத் தளர்த்த, பெரும்பாலும் புரோஸ்டாசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்த பொருள்களை நம்பியிருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு வந்தாலும் நரம்பின் வழியாக வருகிறது. படலமும் தசையும் அடுத்தடுத்து இருக்கும் அமைப்பு எல்லா முதுகெலும்பிகளுக்கும் பொது. எந்தப் பொருளைக் கொண்டு சேதி சொல்வது என்பதை ஒவ்வொரு குலமும் தன் வழியில் தீர்த்துக்கொண்டது.

இதுவரை சொன்னது நொடிகளிலும் நிமிடங்களிலும் நடப்பது. மாதங்களிலும் ஆண்டுகளிலும் நடப்பது இதைவிடப் பெரிது. தசைச் செல்கள் குழாயைச் சுற்றி வந்து அமர்வதே உள்படலம் அழைப்பதால்தான். கருவில் முதலில் தோன்றுவது வெறும் எண்டோதீலியக் குழாய். அது பி.டி.ஜி.எஃப். என்ற வளர்ச்சிப் பொருளை வெளியிட, சுற்றிலுமிருந்து செல்கள் நகர்ந்து வந்து அதைப் போர்த்துகின்றன. அந்தப் பொருளின் மரபணுவை நீக்கிய எலிகளில் நுண்குழாய்கள் போர்வையில்லாமல் உப்பி வெடித்து, குட்டிகள் பிறக்கும் தறுவாயிலேயே இறந்துபோயின. வந்தமர்ந்த தசைச் செல்லை அமைதியாக வைத்திருப்பதும் உள்படலத்தின் பொறுப்பு. அது தரும் நைட்ரிக் ஆக்சைடும் ஹெப்பாரினைப் போன்ற பொருள்களும் ‘பெருகாதே, இடம் பெயராதே’ என்று தசையை அடக்கி வைக்கின்றன. படலம் உரிந்தால் அந்த அடக்கம் போய்விடும். தசைச் செல்கள் சுருங்கி விரியும் தொழிலை விட்டுவிட்டு, பெருகி, உள்நோக்கி ஊர்ந்து வந்து குழாயின் வாயை அடைக்கத் தொடங்கும். இதய அடைப்பை பலூனால் விரித்தபின் சிலருக்கு அதே இடம் மீண்டும் அடைத்துக்கொண்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பலூன் அடைப்பை நசுக்கும்போது உள்படலத்தையும் உரித்துவிடுகிறது. இப்போது வைக்கப்படும் பல ஸ்டென்ட்டுகள் செல் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்து பூசி வருவது இதற்காகவே.

குழாய்கள் கருவில் உருவாகும் கட்டத்தில் நைட்ரிக் ஆக்சைடின் பங்கு என்ன என்று தேடியவர்களில் ஒரு குழு எளாவூரிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. சென்னை குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள அண்ணா பல்கலைக்கழக கே.பி. சந்திரசேகர் ஆய்வு மையத்தில் சுவ்ரோ சாட்டர்ஜியின் குழு எண்டோதீலியச் செல்களை வளர்த்து ஆராய்ந்து வந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்விகளில் ஒன்று தாலிடோமைடு. 1950களின் கடைசியில் கர்ப்பிணிகளின் வாந்திக்கும் தூக்கமின்மைக்கும் தரப்பட்டு, பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கை கால் வளராமல் பிறக்க வைத்த மருந்து அது. நைட்ரிக் ஆக்சைடு தூண்டும் எண்டோதீலியச் செல்களின் நகர்வை அது முடக்குகிறது என்று 2006இல் இந்தக் குழு காட்டியது. முட்டைக்குள் வளரும் கோழிக் கருவில் தாலிடோமைடின் பாதிப்பை, நைட்ரிக் ஆக்சைடு தரும் பொருளைச் சேர்த்துக் குறைக்க முடிந்தது என்று 2012இல் வெளியிட்டார்கள். தாலிடோமைடு எப்படிக் கையைக் குறுக்கியது என்பதற்கு வேறு விளக்கங்களும் வலுவாக இருக்கின்றன. ஆனால் மருந்துக் கடையில் கிடைத்த ஒரு மாத்திரை, கருவின் ரத்தக் குழாய்க்குப் போக வேண்டிய சேதியை இடைமறிக்கக்கூடும் என்ற எண்ணத்தைச் சென்னையில், கோழி முட்டையைக் கொண்டே, சோதித்துப் பார்த்தார்கள். நம் பள்ளி மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வேலை இது.

வாழும் மனிதரின் உள்படலம் நன்றாக இருக்கிறதா என்று கீறிப் பார்க்காமல் அறிய முடியுமா? முடியும். 1992இல் லண்டனில் டேவிட் செலர்மேயரும் கூட்டாளிகளும் ஒரு வழி சொன்னார்கள். பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, சுமார் ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறார்கள். பட்டையைத் தளர்த்தியதும் ரத்தம் பாய்ந்தோடுகிறது, உராய்வு எகிறுகிறது. ஆரோக்கியமான படலம் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட, புயத்துத் தமனி விரிகிறது. எவ்வளவு விரிந்தது என்பதை அல்ட்ராசவுண்டில் அளக்கிறார்கள். புகைப்பவர்களிடமும், பிறவியிலேயே கொழுப்பு மிகுந்த சிறுவர்களிடமும் அந்த விரிவு குறைந்திருந்தது. சிறுவர்களிடம்! நெஞ்சு வலி வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே படலம் சேதமாகத் தொடங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இதே முறையைச் சென்னையில் மருத்துவர் வி. மோகனின் குழு, நகரின் இரண்டு குடியிருப்புப் பகுதிகளில் நடத்திய மக்கள் ஆய்வின் ஒரு பகுதியாகப் பயன்படுத்தி 2002இல் வெளியிட்டது. சர்க்கரை நோய் இருந்தவர்களின் தமனிகள் இல்லாதவர்களுடையதைவிடக் குறைவாகவே விரிந்தன. அவற்றின் சுவர் தடித்தும் விறைத்தும் இருந்தது.

சர்க்கரை மிகுந்தால் எண்டோதீலியச் செல்லில் ஆக்சிஜனின் முரட்டு வடிவங்கள் பெருகுகின்றன. அவை நைட்ரிக் ஆக்சைடைத் தசைக்குப் போகும் முன்பே விழுங்கிவிடுகின்றன. போதாக்குறைக்கு, நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்க வேண்டிய நொதியே தடம் புரண்டு, அதே முரட்டு வடிவங்களைத் தயாரிக்கத் தொடங்குகிறது. நெடுநாள் உயர் ரத்த அழுத்தமும் புகையும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் கெடுக்கின்றன.

கொழுப்புத் திட்டுகள் எல்லா இடத்திலும் சமமாக வருவதில்லை. தமனி கவடு பிரியும் இடத்திலும் வளைவின் உட்புறத்திலும் அவை அதிகம். ஏரியில் தொழில் செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஓடை பிரியும் இடத்தில், நீரோட்டம் தளர்ந்து சுழலும் மூலையில்தான் மணல் தட்டும். ஒரு வேறுபாடு உண்டு. ஏரியில் மணல் தன் எடையால் படிகிறது. தமனியில் கொழுப்பு வெறுமனே படிவதில்லை. ஓட்டம் சீராக இழுக்காத இடத்தில் எண்டோதீலியச் செல் நைட்ரிக் ஆக்சைடைக் குறைத்துக்கொள்கிறது, கொழுப்பையும் வெள்ளணுக்களையும் உள்ளே விடுகிறது. சீரான, வேகமான ஓட்டம் அந்தச் செல்லுக்கு உணவைப் போல. உடலுழைப்பு ரத்தக் குழாய்க்கு நல்லது என்பதன் ஒரு காரணம் இங்கே இருக்கிறது. தண்டு வலித்தவர்களுக்கும், இடுப்பளவு நீரில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களுக்கும் இந்த ஓட்டம் தொழிலிலேயே கிடைக்கிறது. எஞ்சின் வந்த பிறகு கரையில் உட்கார்ந்தே நாளைக் கழிப்பவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

கடற்கரை உணவில் கவனிக்க வேண்டியது உப்பு. மீன் நல்ல உணவு. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் உப்புக் கண்டமும் கருவாடும் ஊறுகாயும் ஒரே தட்டில் சேரும்போது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு நாளைக்கு 5 கிராம் என்ற அளவு ஒரு வேளையிலேயே நெருங்கிவிடும். உப்பு, அழுத்தத்தை ஏற்றிப் பிறகு படலத்தைக் கெடுக்கிறது என்றுதான் நெடுநாள் நினைத்தோம். ஆனால் 2011இல் ஆஸ்திரேலியாவில் ஆரோக்கியமானவர்களிடம் நடந்த சோதனையில், உப்பு மிகுந்த ஒரே ஒரு வேளை உணவுக்குப் பின் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தமனி விரியும் திறன் குறைந்தது. கருவாட்டைக் கைவிடச் சொல்ல மாட்டேன். நன்றாக ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நீர் மாற்றிக் கழுவி, குழம்பில் தனியாக உப்பிடாமல் சமைத்தால் அதன் உப்பில் நல்ல பங்கு போய்விடும். கூடவே கீரை சேர்க்கலாம். முளைக்கீரையிலும் பீட்ரூட்டிலும் நைட்ரேட் நிறைய. நாக்கின் பின்புறம் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, உமிழ்நீரோடு உள்ளே அனுப்ப, உடல் அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு எடுத்துக்கொள்கிறது. படலம் சோர்ந்துபோனவர்களுக்கு அது ஒரு பக்கவழி.

பீடியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம்: விட வேண்டும். 1996இல் வெளியான ஆய்வு ஒன்றில், தாங்கள் புகைக்காமல் பிறர் விட்ட புகையை மட்டும் ஆண்டுக்கணக்கில் சுவாசித்த இளைஞர்களின் தமனிகளும் சரியாக விரியவில்லை. வீட்டுக்குள் ஒருவர் பிடித்தால் அங்கிருக்கும் எல்லோருடைய உள்படலமும் அதற்கு விலை கொடுக்கிறது.

உள்படலம் கெடும்போது வலிக்காது. பிரஷரும் சுகரும் ஏறும்போதும் வலிக்காது. அதனால்தான் ‘எனக்கு ஒன்றும் செய்யவில்லையே’ என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை தருகிறார்கள். எளாவூரிலும் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இருப்பவர்கள், முப்பது வயதைத் தாண்டியிருந்தால், திட்டப் பணியாளர்கள் வரும் நாளில் வலைக்குப் போகும் முன் ஐந்து நிமிடம் கையை நீட்டுங்கள். வரவில்லை என்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மாத்திரை தொடங்கியிருந்தால், மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.